வழக்கமான வலி எது, கிளம்பிய வலி எது: ரங்கூனில் முட்டி வலியைக் கேட்டு அளப்பது

"நேத்து முட்டி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால், ரங்கூன் காளி கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் நாலாம் மாடி, ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் தமிழ் அம்மாக்களிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "படி இறங்கினா வலிக்கும்."

பதில் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அது நேற்றைப் பற்றிய பதில் இல்லை. "வலிக்கும்" என்பது அவருடைய வாழ்க்கையைப் பற்றிய வாக்கியம்: பல வருடமாக அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான். நேற்று வலித்ததா, எவ்வளவு வலித்தது, முந்தாநாளைவிடக் கூடுதலா என்பதெல்லாம் அதில் இல்லை. கேட்கிறவர் அதைக் கேட்டுக்கொண்டு படிவத்தில் "மிதமான வலி" என்று வட்டம் போட்டுவிட்டால், அந்தப் படிவம் அன்றைக்கே செல்லாக்காசு. தேய்மான மூட்டுவாதத்தில் வலி திடீரென்று கூடும் நாட்களை அளக்க வந்தவர் முதலில் பழக வேண்டியது வினைச்சொல்லின் வாலைக் கவனிக்க. "வலிக்கும்" என்றால் வழக்கம். "வலிச்சுச்சு" என்றால் சம்பவம். "வலிக்குது" என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும், அதை நம்பக் கூடாது, "இப்பவா, எப்பவுமா?" என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

வாலைப் பிடித்துத் தொங்குவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அளக்கப்போகும் பொருளே வழக்கத்துக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம்தான். வாத நோய்களில் எதை எப்படி அளப்பது என்று முடிவு செய்யும் ஒமெராக்ட் என்ற பன்னாட்டுக் குழு, இப்படி வலி கூடும் "ஏற்றம்" எது என்று 2019-ல் வெளியிட்ட வரையறையின் சாரம் இது: வழக்கமான நிலையிலிருந்து மாறுபட்ட, சில நாள் நீடிக்கிற, தற்காலிகமான நிலை, வலி, வீக்கம், பிடிப்பு ஆகியவை தொடங்கிக் கூடும், தூக்கம், நடமாட்டம், வேலை, மனநிலை எல்லாம் பாதிக்கப்படும், தானாகவே தணியலாம், இல்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டி வரலாம். இந்த வரையறையில் எண்ணே இல்லை. "பத்துக்கு 7 வலி என்றால் ஏற்றம்" என்று எங்கும் சொல்லவில்லை. வழக்கமாக 7-ல் இருப்பவருக்கு 7 என்பது சாதாரணச் செவ்வாய்க்கிழமை. வழக்கமாக 2-ல் இருப்பவருக்கு 5 வந்தாலே வீடு கலங்கிப்போகும்.

நம்மவர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் "முட்டி கிளம்பிடுச்சு" அல்லது "வலி தூக்கிடுச்சு". இந்தச் சொற்களையே கேள்வியிலும் வைப்பது நல்லது. "கடுமை அதிகரிப்பு" என்று எழுதி வாசித்தால் நோயின் நிலை முற்றிவிட்டதா என்று பயந்து, "ஐயையோ, அதெல்லாம் இல்லை" என்பார்கள்.

அதனால் முதல் வேலை, வழக்கம் எது என்று பிடித்து வைப்பது. குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள், தினமும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வி. தேய்மான மூட்டில் வலி பொதுவாகச் சாயங்காலம் கூடும்; காலையில் ஒரு நாள், இரவில் ஒரு நாள் என்று கேட்டால் வருவது மூட்டின் ஏற்ற இறக்கம் இல்லை, கடிகாரத்தின் ஏற்ற இறக்கம். "கடந்த 24 மணி நேரத்தில்" என்ற படிவத் தொடரை அப்படியே வாசித்தால் பலருக்கு இன்று காலையிலிருந்து என்றுதான் விளங்கும். "நேத்து விளக்கு வச்சதிலேருந்து இன்னிக்கு விளக்கு வைக்கிற வரைக்கும், முட்டி ரொம்ப வலிச்ச நேரத்துல எவ்வளவு வலிச்சுச்சு?" என்று கேட்டால் குழப்பம் இல்லை. விளக்கு வைக்கும் நேரம் வீட்டுக்கு வீடு அரை மணி முன்பின் இருக்கும். இருக்கட்டும். அதே வீட்டில் அது தினமும் ஒரே நேரம், நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்வதில் இரண்டு கோளாறு அடிக்கடி வரும். முதலாவது பள்ளிக்கூட மார்க். "பத்துக்கு எத்தனை?" என்றதும் பத்து என்றால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வலி குறைந்த நாளில் 9 சொல்வார்கள். முதல் நாள் எண் வாங்கியதும் "அப்ப நேத்து ரொம்ப மோசமா, பரவாயில்லையா?" என்று சொல்லாலும் கேட்டுச் சரிபார்க்காவிட்டால், இந்தத் தலைகீழ் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவரும். இரண்டாவது, எண்ணே பிடிபடாதவர்கள். அவர்களுக்குத் தட்டில் பத்துப் புளியங்கொட்டை போதும். "வலியே இல்லேன்னா ஒண்ணும் எடுக்க வேணாம். இதுக்கு மேல தாங்கவே முடியாதுங்கிற வலின்னா பத்தையும் எடுத்துக்குங்க." ஒன்றும் எடுக்காததையும் சேர்த்துப் பதினொரு படி. எடுத்ததை எண்ணி எழுதிக்கொண்டு, கொட்டைகளைத் திரும்பத் தட்டில் போட்டுவிட வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த கேள்விக்கு மிச்சம் இருப்பதிலிருந்து எடுப்பார்கள். தூக்கம் எவ்வளவு கெட்டது என்ற கேள்விக்கு 3 வந்தால், அது தட்டில் மூன்றுதான் மிச்சம் இருந்ததால் வந்த 3 ஆக இருக்கும்.

பத்து என்பது எது என்பதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. பிள்ளை பெற்ற வலியைப் பத்தாக வைத்திருக்கும் பாட்டிக்கு முட்டி ஒருநாளும் 5-ஐத் தாண்டாது. அவருடைய 4-ஐயும் பக்கத்து வீட்டுக்காரரின் 8-ஐயும் பக்கம் பக்கமாக வைத்து "இவருக்குத்தான் வலி அதிகம்" என்று சொல்வது வீண் வேலை. ஏற்றத்தை அளக்கும்போது இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும், ஏனென்றால் ஒப்பிடுவது அவரை அவரோடுதான். மீதிப் பாதி தீராது. குறுகிய அளவுகோல் வைத்திருப்பவர் 3-க்கும் 4-க்கும் நடுவிலேயே சுற்றுவார். அவருக்கு ஒரு படி ஏறுவதே பெரிய ஏற்றம். எண்ணை மட்டும் நம்பினால் அது தப்பிப் போகும். எண் கேட்டு முடித்த கையோடு, "வழக்கத்தை விடக் கம்மியா, அதே அளவா, கொஞ்சம் கூடவா, ரொம்பக் கூடவா?" என்று ஒரு நேர்க்கேள்வி சேர்க்க வேண்டும். எண்ணும் சொல்லும் இரண்டு நாள் தொடர்ந்து முரண்பட்டால் அவருடைய அளவுகோலை உட்கார்ந்து புரிந்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

எவ்வளவு ஏறினால் ஏற்றம் என்று கணக்கு வைப்பது? ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரே கோடு போடவில்லை. 11 படி அளவில் வழக்கத்தைவிட 2 படி கூடி, குறைந்தது ஒரு நாளாவது நீடிக்க வேண்டும் என்பது நடைமுறையில் கைகொடுக்கும் கோடு. ஒரு படி முன்பின் போவது அளவையின் இயல்பான நடுக்கம், அதற்கெல்லாம் பரபரக்கக் கூடாது. மருந்துச் சோதனைகளில் இன்னொரு பழக்கம் உண்டு: வலி மாத்திரையை வேண்டுமென்றே நிறுத்தி, வலி குறிப்பிட்ட அளவு ஏறியவரை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். அதையும் ஏற்றம் என்றே அழைப்பார்கள். மாத்திரையை நிறுத்தியதால் வந்த அந்த ஏற்றத்தையும் தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்த ஏற்றத்தையும் ஒன்றாக வைத்து அங்குள்ள எண்ணை இங்கே எடுத்து ஒட்டக் கூடாது.

ஒரு நோட்டுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காகப் போட்ட எண்கள். முதல் வாரம்: 4, 3, 4, 4, 5, 4, 3. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது 4; அதுதான் இவருடைய வழக்கம், 6 வந்தால் ஏற்றம். இரண்டாம் வாரம்: 4, 6, 7, 7, 6, 5, 4. இரண்டாம் நாள் ஏறி, நான்கு நாள் 6-க்குக் கீழே வராமல் இருந்து, ஆறாம் நாள் இறங்கியது. சந்தேகமே இல்லாத ஏற்றம். இப்போது இதையே வாரச் சராசரியாகப் பாருங்கள். முதல் வாரக் கூட்டல் 27, சராசரி 3.9. இரண்டாம் வாரக் கூட்டல் 39, சராசரி 5.6. வித்தியாசம் 1.7 தான், 2-ஐத் தொடவில்லை. சராசரியை மட்டும் பார்த்தவர் "பெரிய மாற்றம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அந்த நான்கு நாளில் அந்த அம்மா கீழே இறங்கியே இருக்க மாட்டார். சில நாளே நீடிக்கும் ஒன்றை வாரக் கேள்வியால் பிடிக்கப் பார்ப்பது பெரிய கண் சல்லடையில் ரவை சலிக்கிற கதை.

பிரபலமான வினாத்தாள்கள் இந்த இடத்தில்தான் தடுமாறும், அவை மோசம் என்பதால் அல்ல, வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை என்பதால். வோமாக் என்பதில் 24 கேள்வி: வலிக்கு 5, பிடிப்புக்கு 2, அன்றாட வேலைக்கு 17, கேட்பது கடந்த 48 மணி நேரத்தை, பயன்படுத்த உரிமம் வேண்டும். கூஸ் என்பதில் 42 கேள்வி, கேட்பது கடந்த ஒரு வாரத்தை; இலவசம். இரண்டையும் ஒரே நோட்டில் கலந்தால் திசை குழம்பும். வோமாக்கில் எண் ஏறினால் நிலை மோசம். கூஸில் 100 என்றால் ஒரு தொந்தரவும் இல்லை, 0 என்றால் படுமோசம். கூஸ் வலிப் பிரிவில் 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4; கூட்டல் 18 என்றால் சராசரி 2, அதை 25-ஆல் பெருக்கி 100-லிருந்து கழித்தால் 50. ஒரு பிரிவில் பாதிக் கேள்விக்காவது பதில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

ஐகோப் என்பது 11 கேள்விதான், ஆனால் ஒரு காரியத்தை மற்றவை செய்யாத அளவுக்கு அழகாகச் செய்கிறது. எப்போதும் இருக்கும் வலியைத் தனியாக 5 கேள்வியிலும் வந்து வந்து போகும் வலியைத் தனியாக 6 கேள்வியிலும் கேட்கிறது. தமிழில் இந்தப் பிரிவு ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது. "உளைச்சல்", "குடைச்சல்" என்றால் விடாமல் உள்ளே இருந்துகொண்டிருப்பது. "சுரீர்னு", "வெடுக்குனு", "குத்துது" என்றால் வந்து போவது. கேட்கும்போது இந்தச் சொற்களையே அடியில் வைத்தால் பதில் தெளிவாக வரும். பர்மியப் பேச்சு வழியாகக் கேட்டால் கவனம் தேவை. அங்கே கடிப்பதற்கும் உளைவதற்கும் ஒரே சொல்தான், இரண்டு வகை வலியும் ஒன்றாகக் கரைந்துவிடலாம்.

ஏற்றத்துக்கென்றே முழங்காலுக்கும் இடுப்பு மூட்டுக்கும் செய்யப்பட்டது பிளேர்-ஓஏ-16 என்ற 16 கேள்வித் தாள். வலி, வீக்கம், பிடிப்பு, மனநிலை, அன்றாட வாழ்வில் பாதிப்பு என்ற ஐந்து தளங்களையும் தொடுகிறது. முழுத் தாளையும் தினமும் கேட்டால் பத்தாம் நாளில் கதவைத் திறக்க மாட்டார்கள். தினமும் மூன்று கேள்வி: வலி எண், வழக்கத்தோடு ஒப்பீடு, நேற்று என்ன மருந்து. முழுத் தாள் மூன்று தடவை: அமைதியான நாள் ஒன்றில், வலி கிளம்பியதும் ஒருமுறை, தணிந்ததும் ஒருமுறை. இந்த அளவு சுமையைத்தான் வீடுகள் தாங்கும்.

வேலைக் கேள்விகளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, இடம் பெயர்க்க வேண்டும். கூஸில் குந்துவதும் மண்டியிடுவதும் "விளையாட்டு, பொழுதுபோக்கு" என்ற பிரிவில் ஓடுவதற்கும் குதிப்பதற்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இங்கே குந்துவது கழிப்பறை. மண்டியிடுவது புத்தர் பகோடாவில் கும்பிடுவது. வயதானவர்களுக்கு விளையாட்டுப் பிரிவு வேண்டாம் என்று அதைக் கத்தரித்துவிடுபவர்கள், அந்தம்மாவின் நாளில் மிகக் கடினமான இரண்டு காரியங்களையும் சேர்த்தே கத்தரித்துவிடுகிறார்கள். காலுறை போடுவது என்ற கேள்விக்கு, வருடம் முழுக்கச் செருப்பில் திரியும் ஊரில் ஒருவரும் பதில் சொல்ல முடியாது. குளியல் தொட்டிக்குள் இறங்குவது அதைவிட வேடிக்கை, தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்கிறவரிடம் "தொட்டிக்குள்ளே எப்படி இறங்குவீங்க?" என்றால் சிரிப்பார்.

இங்குள்ள முட்டியைப் பேசவைக்கும் கேள்விகள் வேறு. டீக்கடையின் குட்டை முக்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிந்ததா? லைன்கார் என்ற பயணிகள் வண்டியின் பின்படியில் யாரும் தூக்கிவிடாமல் ஏற முடிந்ததா? வாசலில் குனிந்து கோலம் போட்டீர்களா, நின்றபடி பொடியைத் தூவிவிட்டு வந்தீர்களா? சம்மணம் போட்டுச் சாப்பிட்டீர்களா, காலை நீட்டிக்கொண்டா? உரிமம் பெற்ற தாளில் நம் இஷ்டத்துக்குக் கேள்வியை மாற்றினால் அதன் மதிப்பெண் செல்லாது. மூலக் கேள்விகளை அப்படியே கேட்டு, பொருந்தாததைப் பொருந்தவில்லை என்றே குறித்துவிட்டு, உள்ளூர்க் கேள்விகளைத் தனித்தாளில் தனியாக வைப்பதே நேர்மையான வழி.

ரங்கூன் மாடி வீடுகளில் இன்னொரு அளவுகோல் தொங்கிக்கொண்டே இருக்கிறது: பால்கனியிலிருந்து தெருவரைக்கும் இறங்கும் கயிறு, நுனியில் கவ்வியோ பையோ. கீழே வரும் காய்க்காரரிடம் காசை இறக்கி, காயை மேலே இழுத்துக்கொள்வார்கள். "படி ஏறி இறங்குவது எவ்வளவு சிரமம்?" என்ற கேள்விக்குப் பதில் மழுப்பலாக வரும், "நேத்து எத்தனை தடவை கீழே போனீங்க, எத்தனை தடவை கயிறு விட்டீங்க?" என்றால் எண் வரும். வழக்கமாக இரண்டு தடவை இறங்குகிறவர் மூன்று நாளாகக் கயிறு மட்டும் விடுகிறார் என்றால், வலி எண் ஏறாவிட்டாலும் ஏதோ கிளம்பியிருக்கிறது.

வலி எண் ஏறாததற்குக் காரணமும் அந்தக் கயிறுதான். படியே இறங்காதவருக்குப் படியில் வலி 0. இதுபோல் ஏமாற்றும் பூஜ்யம் வேறில்லை. ஒவ்வொரு வேலைக் கேள்விக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் வேண்டும்: "வேலை இல்லை, செய்யலை" என்று ஒன்று; "வலிக்குப் பயந்து செய்யலை" என்று ஒன்று. இரண்டாவது கட்டம் நிரம்ப ஆரம்பித்தால், பூஜ்யங்களைக் கூட்டிச் சராசரி போடுவதை நிறுத்த வேண்டும்.

உடம்பின் பெயர்களிலேயே பாதித் தவறு நடக்கும். மருத்துவர் "மூட்டு" என்றால் எந்த மூட்டும். பேச்சில் "மூட்டு வலி" என்றால் முழங்கால் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். "கால் வலி" என்பதில் இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வலி, சர்க்கரைக்காரரின் பாத எரிச்சல், ஆடுசதைப் பிடிப்பு எல்லாம் அடங்கும். கையை வைத்துக் காட்டச் சொல்லி, வலதா இடதா என்று எழுதி, எல்லா நாளும் அதே முட்டியைப் பற்றியே கேட்க வேண்டும். இரண்டு முட்டியும் வலிப்பவரிடம் அன்றைக்கு அதிகம் வலிப்பதைக் கேட்டுவந்தால், வலது நாளும் இடது நாளும் கலந்து, வழக்கம் என்று ஒன்று உருவாகவே உருவாகாது.

"விறைப்பு" என்று யாரும் சொல்வதில்லை. "பிடிச்சிக்குது", "மடக்க வரலை", "கட்டை மாதிரி இருக்கு". காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் என்பதை நிமிடத்தில் கேட்காமல், பல் விளக்கி முகம் கழுவி வருவதற்குள் விட்டுவிடுகிறதா, டீ குடித்து முடித்தும் விடவில்லையா என்று கேட்டால் கணிக்கலாம். தேய்மான மூட்டில் காலைப் பிடிப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணிக்கு மேல் நீண்டு, கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து பிடித்தால் அது வேறு வாதமாக இருக்கலாம். வினாத்தாளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய கட்டம் அது.

"நீர் கோத்திருக்கு" என்ற சொல்லைக் கேட்டதும் வீக்கம் என்று குறிக்கக் கூடாது. தலையில் நீர் கோக்கும், பாதத்தில் நீர் கோக்கும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்குவது சகஜம். முட்டிச் சிப்பியின் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் குழி இருக்கும். காலை நீட்டிப் படுக்கவைத்து இரண்டு முட்டியையும் அவரையே பார்க்கச் சொன்னால், "இதுல குழி இருக்கு, இதுல ரொம்பிப்போச்சு" என்பார். நாடா வைத்து அளப்பதென்றால் ஒரே ஆள், சிப்பியின் நடுவில், நீட்டிய காலில். உட்கார்ந்து ஒரு நாள், படுத்து ஒரு நாள் அளந்தால் அந்த வித்தியாசமே வீக்கம் போலத் தெரியலாம்.

மனநிலைக் கேள்விகளை எல்லோரும் வேகமாகத் தாண்டப் பார்ப்பார்கள். "மனச்சோர்வு உண்டா?" என்றால் "சேச்சே, அதெல்லாம் இல்லை". "எரிச்சலா வந்துச்சா? யாரையாவது கத்தினீங்களா? இது இனிமே அடங்காதோன்னு தோணுச்சா?" என்றால் பதில் வரும். "பிள்ளைங்களுக்குப் பாரமாயிட்டேன்" என்பது கேட்காமலே வரும் வாக்கியம். அது வழக்கமாக வருவதா, இந்த வாரம் மட்டும் வருவதா என்பதைத்தான் குறிக்க வேண்டும்.

பதில் சொல்வது யார் என்பதும் பார்க்க வேண்டியது. நடுக்கூடத்தில் கேட்டால் மருமகள் சொல்வார்: "அத்தைக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு." அத்தை தலையாட்டுவார். தனியாகக் கேட்டால் எண் இரண்டு படி மாறும். வெளியிலிருந்து வந்தவரிடம் குறை சொல்வது மரியாதையில்லை என்று நினைப்பவர் "பரவாயில்லைப்பா" என்பார். அந்தப் "பரவாயில்லை"க்குள் 2-ம் இருக்கலாம், 7-ம் இருக்கலாம். அதை எழுதவே கூடாது, புளியங்கொட்டைத் தட்டைத்தான் நீட்ட வேண்டும். மழையைப் பற்றிக் கேள்விக்கு முன்னால் பேச்செடுக்கவும் கூடாது. மே மாத நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நனையும் ஊரில் "மழை வந்தா முட்டி சொல்லிடும்" என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எண் சொல்லிவிடுவார்கள். மழையை எழுத வேண்டுமானால் கடைசியில் தனிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.

மொழிப் பிரச்சினை இங்கே வேறு மாதிரி. 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு வளர்ந்தவர்களில், தமிழ் பேசுவார், பர்மிய எழுத்துத்தான் படிப்பார் என்ற நிலை சாதாரணம். தமிழில் அச்சடித்த தாளைக் கொடுத்து "நிரப்பிக் கொடுங்க" என்பதும், பர்மிய மொழித் தாளைக் கொடுத்து அவர் மனதுக்குள் தமிழாக்கிக்கொள்வார் என்று விடுவதும் இரண்டுமே பிசகு. வாசித்துக் காட்டுவதுதான் வழி. எல்லாருக்கும் ஒரே சொற்களில் வாசிக்க ஒரு பேச்சுத்தமிழ்ப் பிரதி வேண்டும். அதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை நீளமானது: இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுபோய், குழுவாக உட்கார்ந்து ஒப்பிட்டு, 30 முதல் 40 பேரிடம் சோதித்துப் பார்ப்பது. குழுவுக்கு ஆள் கிடைக்காவிட்டாலும் கடைசிப் படியை விடக் கூடாது. கேள்வியை வாசித்துவிட்டு "இப்ப நான் என்ன கேட்டேன், உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று பத்துப் பேரிடம் கேட்டாலே ஓட்டைகள் தெரிந்துவிடும். கைபேசியில் பர்மியத் தாளை அனுப்புபவர்களுக்கு ஒரு பழைய தலைவலி: ஜவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டியது யூனிகோடு கைபேசியில் அலங்கோலமாகத் தெரியும். படமாக எடுத்து அனுப்பினால் தப்பிக்கலாம். அதைவிட வைபரில் குரல் பதிவு மேல்.

வீட்டில் விட்டுவந்த நோட்டில் பதினான்கு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால் அது பதினான்காம் நாள் காலையில் எழுதியது. இது எங்கும் உள்ள பழக்கம்தான். 2002-ல் வெளியான ஆய்வொன்றில், வலி நோட்டின் அட்டைக்குள் திறந்த நேரத்தைப் பதியும் கருவியை ஒளித்து வைத்தார்கள். குறித்த நேரத்தில் எழுதியதாக நோயாளிகள் காட்டியது 90%, உண்மையில் எழுதியது 11%. விட்ட நாளைக் கோடு போட்டு விடச் சொல்லுங்கள், திட்டாதீர்கள். கற்பனை எண்ணைவிட வெற்றுக் கட்டம் எவ்வளவோ தேவலை.

மருந்துக் கட்டம் சின்னதாக இருக்கும், பாதிக் கதை அதில்தான். கடையில் பெயர் இல்லாமல் நாலைந்து மாத்திரையைக் கலந்து கட்டித் தரும் பொட்டலம் இங்கே எளிதில் கிடைக்கும். அதில் ஸ்டீராய்டும் இருக்க வாய்ப்புண்டு. அதைச் சாப்பிட்டதை மருந்து என்றே சொல்ல மாட்டார்கள். "டாக்டர் மாத்திரை, கடைப் பொட்டலம், தைலம், மாலிஷ், ஊசி, என்னென்ன?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், காலிப் பொட்டலத்தை எறியாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். மூன்று நாள் 2, 2, 3 என்று அசாதாரணமாக இறங்கி, அப்புறம் ஒரேயடியாக 7, 8 என்று ஏறினால், ஏற்றத்தின் காரணத்தை முட்டியில் தேடுவதற்கு முன் பொட்டலத்தில் தேடலாம். நீண்டநாளாகச் சாப்பிட்டுவருபவரை "உடனே நிறுத்துங்க" என்று நாம் சொல்லக் கூடாது. ஸ்டீராய்டைச் சட்டென்று விடுவதும் ஆபத்து, மருத்துவர்தான் குறைக்க வேண்டும்.

சில நாட்களில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. முட்டி சூடாக, சிவந்து, காய்ச்சலோடு வீங்கினால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் எண் வாங்காமல் அன்றைக்கே மருத்துவமனை.

ஏற்றம் தொடங்கிய நாளை எல்லோரும் குறிப்பார்கள். முடிந்த நாளைக் குறிப்பவர் குறைவு. வழக்க எண்ணுக்கோ அதிலிருந்து ஒரு படிக்குள்ளோ வந்து, இரண்டு நாள் தொடர்ந்து அங்கேயே நின்றால் முடிந்தது என்று எழுதலாம். மேலே சொன்ன உதாரணத்தில் 5, 4 என்று வந்த ஏழாம் நாளில்தான் அது உறுதியாகும். சிலருக்கு எண் இறங்கும், ஆனால் பழைய இடத்துக்கு வராது. 4-ல் இருந்தவர் 5-லேயே தங்கிவிடுவார், "இப்ப பழகிடுச்சு" என்பார். உடனே 5-ஐப் புது வழக்கமாக மாற்றினால் அடுத்த ஏற்றத்துக்கு 7 வர வேண்டியிருக்கும், நோய் மெல்ல நகர்ந்ததும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இன்னும் 14 நாள் அமைதியாகப் போகட்டும், நடு எண்ணை மறுபடி எடுங்கள். 5 என்றே வந்தால் நோட்டின் மேல்மூலையில் அதைத் தேதியோடு எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் பழைய 4-ஐ அடிக்காதீர்கள், மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு எண்ணையும்தான்.